கடலோர மணல் தோட்டத்தில் பொறிவண்டு ஏன் தங்குவதில்லை?

கேள்வி இது: "கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில், கடலுக்கு அரைக் கிலோமீட்டரில் எங்கள் வீடு. பின்பக்கம் எட்டு சென்ட் மணல் தரை. நாலு தென்னை, ரெண்டு முருங்கை, ஒரு செம்பருத்தி, மீதி கத்தரி, வெண்டை, மிளகாய். மருந்து அடிப்பதை விட்டு ஒரு வருஷம் ஆகுது. பொறிவண்டு நல்லதுன்னு கேள்விப்பட்டு வைகாசியில் டப்பாவில் வாங்கிவந்து விட்டேன். ஒரு வாரத்தில் ஒன்றையும் காணோம். மாவுப்பூச்சி மட்டும் அப்படியே இருக்கு. நன்மை செய்யும் பூச்சி, பறவை எல்லாம் இந்த உப்புக்காற்றில் தங்குமா, தங்காதா?"

தங்கும். ஆனால் நீங்கள் விட்டது வைகாசியில். பாதிப் பதில் அந்த மாதத்திலேயே இருக்கிறது.

நம் பக்கம் வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். தை வரை வேலியோரம் தும்பையும் நெருஞ்சியும் பூத்துக் கிடக்கும். மாசி பிறந்தால் தரை வெளுக்க ஆரம்பிக்கும். வைகாசியில் கச்சான் எழுந்துவிட்டால் ஆவணி வரை மணல் பறக்கும். வெளியே காயப்போட்ட துணியில்கூட உப்பு நாக்கில் தட்டும். மிளகு அளவு வண்டு ஒன்று அந்த வெட்டவெளியில் என்ன செய்யும்? காற்றோடு போகும், அல்லது ஒரு சொட்டு நல்ல தண்ணீர் தேடிப் பக்கத்துத் தோப்புக்குப் போகும். உங்கள் மேல் அதற்குக் கோபம் ஒன்றும் இல்லை.

ஆகவே பூச்சியை எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். பூச்சிகள் இந்தக் கரையில் ஏற்கெனவே இருக்கின்றன. மாசிக்கும் புரட்டாசிக்கும் நடுவில் உள்ள எட்டு மாதத்தை அவை உங்கள் எட்டு சென்டில் எப்படிக் கடத்தும் என்பதை மட்டும் பாருங்கள். அந்த எட்டு மாதமும் நம்மிடம் குறைவாக இருப்பவை பூ, நல்ல தண்ணீர், காற்று மறைவு ஆகிய மூன்றும்தான்.

அதற்குப் போகுமுன் ஒரு சந்தேகம். மாவுப்பூச்சி என்று நீங்கள் கழுவிவிடுவதில் பாதி மாவுப்பூச்சிதானா?

பல வருஷம் முன்பு எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாய் அப்பிக்கிடந்தது. கடையில் சொன்னேன், ஒரு மருந்து கொடுத்தார்கள், அடித்தேன். நாலு நாளில் எல்லாம் உதிர்ந்தது. இருபது நாளில் முன்னைவிட இரண்டு மடங்காக வந்தது. மறுபடி அடிக்கப் போகும்போதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கூட்டத்துக்கு நடுவில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக, உடம்பெல்லாம் பஞ்சு நூல் நூலாகத் தொங்க, விறுவிறுவென்று நடந்தது. ஈர்க்குச்சியால் தொட்டதும் ஓடியது. மாவுப்பூச்சி ஓடாது, தொட்டால் மெல்ல நகரும், அவ்வளவுதான். ஓடியது பொறிவண்டின் புழு. சில பொறிவண்டு இனங்களின் புழுக்கள் மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு வேஷம் போட்டு அதன் நடுவிலேயே உட்கார்ந்து அதைத் தின்னும். அப்படிப்பட்ட ஒன்றை ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-லேயே நம் நாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆரஞ்சுத் தலையும் கறுத்த முதுகுமாக இருக்கும் அந்த வண்டைத்தான் இன்றும் ஆய்வகங்களில் வளர்த்து விற்கிறார்கள். அநேகமாக உங்கள் டப்பாவில் இருந்ததும் அதுவே. முதல் தடவை மருந்தடித்தபோது மாவுப்பூச்சியோடு அதைத் தின்பவர்களையும் சேர்த்து நான் கொன்றிருக்கிறேன். மாவுப்பூச்சி முட்டைகள் பஞ்சுப்பைக்குள் பத்திரமாக இருந்து பொரித்துவிட்டன. தின்ன ஆள் இல்லை. இருபது நாளில் இரண்டு மடங்கு ஆனதன் கணக்கு அவ்வளவுதான்.

சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டை எல்லாருக்கும் தெரியும். அதன் புழுவைத்தான் தெரியாது. கறுத்து, முதுகில் மஞ்சள் திட்டுகளோடு, சின்ன முதலைக்குட்டி போல இருக்கும். பார்த்தவுடன் நசுக்கத் தோன்றும். ஆனால் செடிச்சாறு உறிஞ்சும் அசுவினியைத் தின்பதில் அந்த முதலைக்குட்டி வண்டுக்குச் சளைத்ததில்லை. இலையின் அடியில் மயிரிழை போல ஒரு காம்பு நின்று அதன் நுனியில் வெள்ளைப் புள்ளி ஒன்று ஆடினால் அது பூஞ்சாணம் இல்லை. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. பொரித்து வரும் புழுக்கள் ஒன்றை ஒன்று தின்றுவிடக் கூடாது என்று ஒவ்வொரு முட்டையையும் தனித்தனிக் கம்பத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. வெண்டையில் ஒரு பச்சைப் புழு அசையாமல் கிடக்கிறது, முதுகில் அரிசி ஒட்டினாற்போல் வெள்ளைக் கூடுகள் இருக்கின்றன என்றால் அந்தப் புழுவைத் தொடாதீர்கள். அதன் உடம்புக்குள் வளர்ந்து வெளியே வந்த குளவிக் குஞ்சுகளின் கூடு அது. புழு எப்படியும் செத்துவிடும். கூட்டை நசுக்கினால் அடுத்த தலைமுறைக் குளவிகளைக் கொன்றதாகும். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் பழுப்பாக ஊதிப்போய், முதுகில் குண்டூசியால் குத்தினாற்போல் வட்ட ஓட்டையோடு இருந்தால் அங்கேயும் ஒரு குளவி வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

குளவி என்றதும் கதண்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். நான் சொல்பவை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர். மனிதரைக் கொட்டாது. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைக் கொண்டுவந்து வளர்த்து, வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் ஊர் ஊராக விட்டார்கள். அதன் பிறகு பப்பாளி மறுபடி பப்பாளியாக நின்றது. அந்தக் குளவியை ஒரு விவசாயிகூடக் கண்ணால் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்.

சுவரில் மண்கூடு கட்டும் பெரிய குளவி வேறு. அதையும் விட்டுவைக்கலாம். "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று பழமொழியே இருக்கிறது. குளவி புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போல ஆக்கிவிடும் என்று நினைத்திருக்கிறார்கள். நடப்பது அத்தனை நல்ல கதை இல்லை. கொட்டி மயக்கிய புழுவைக் கூட்டுக்குள் அடைத்து, மேலே ஒரு முட்டை வைத்து, வாயை மண்ணால் பூசிவிடும். குஞ்சு பொரித்ததும் அந்தப் புழுதான் சோறு. வீட்டில் குளவி கூடு கட்டினால் நல்ல சேதி வரும் என்று எங்கள் அப்பத்தா உடைக்க விடமாட்டார். நல்ல சேதி வந்ததோ இல்லையோ, கத்தரிக்கு நல்லதாக இருந்தது.

இனி அந்த மூன்று குறைகள்.

பூவில் தொடங்கலாம். புழு தின்னும் குளவிக்கும் அசுவினி தின்னும் ஈக்கும் பெரிதானபின் வேண்டியது தேனும் மகரந்தமும்தான். அவற்றின் வாய் சின்னது. செம்பருத்தி, அரளி போன்ற பெரிய பூக்களில் அவற்றுக்கு ஒன்றும் எட்டாது. பொடிப்பூ வேண்டும். கொத்தமல்லி, சோம்பு, கீரை, துளசி, முள்ளங்கி எதுவானாலும் முழுதாக அறுக்காமல் நாலைந்து செடியைப் பூக்க விடுங்கள். வெட்டுக்காயப் பூண்டைக் களை என்று பிடுங்காதீர்கள். மணலில் தண்ணீர் படும் இடமெல்லாம் அதுவே வரும், ஏறக்குறைய வருஷம் முழுக்கப் பூக்கும். தும்பையும் துத்தியும் அப்படித்தான். கூட்டித் துப்புரவாக வைத்த வாசல் நம் பெண்களுக்குப் பெருமை, சரி. முன்வாசலைக் கூட்டுங்கள். பின்பக்கம் வேலியோரம் மூன்றடி அகலத்துக்கு விளக்குமாறு போகாமல் இருக்கட்டும்.

கோடையில் தரையில் பூ இல்லாதபோது மரம்தான் கைகொடுக்கும். பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும், அதை ஒட்டிப் புங்கை. தென்னைக்குப் பருவம் கிடையாது. நல்ல மரம் மாதம் ஒரு பாளை விடும். உங்கள் நாலு தென்னையிலும் வருஷம் முழுக்க ஏதோ ஒரு பாளையில் தேனீ இருக்கும். அதனால்தான் தென்னைக்கு மருந்து அடிப்பதை யோசித்துச் செய்யச் சொல்கிறேன். முருங்கைப் பூவுக்குக் கருவண்டு வரும். உத்தரத்திலும் மூங்கிலிலும் துளை போட்டுக் குடியிருக்குமே, அதே வண்டுதான். முருங்கை காய்ப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கூரை மூங்கிலைத் துளைக்கிறது என்று விரட்டுகிறவர்கள் வேலியில் நாலு காய்ந்த மூங்கில் துண்டைக் கட்டித் தொங்கவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக அது அங்கே போய்விடும்.

கத்தரி, தக்காளிப் பூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பூக்களில் மகரந்தம் குழலுக்குள் அடைந்திருக்கும். உப்புப் புட்டி போல நுனியில் மட்டும் ஓட்டை. குலுக்கினால்தான் கொட்டும். வளர்ப்புத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தனித் தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு 'ஙொய்ங்' என்று உடம்பை அதிர வைக்கும், மகரந்தம் உதிரும். காலை ஏழு எட்டு மணிக்குக் கத்தரிப் பாத்தி பக்கம் நின்று காது கொடுங்கள். பறக்கும்போது ஒரு சத்தம், பூவில் உட்கார்ந்ததும் சட்டென்று உச்சஸ்தாயியில் வேறு சத்தம். நீலப்பட்டைக்காரி கூடு கட்டுவது மண்ணில். வெறும் கடல்மணல் சரிந்துவிடும் என்பதால் பழைய மண்சுவரோ, களிமண் குழைத்துப் பூசிய திண்டோ அதற்குப் பிடிக்கும். இடிந்த மண்சுவர் ஒரு மூலையில் இருந்தால் சிமெண்ட் பூசிவிடாதீர்கள்.

உப்புக்காற்றுக்கும் ஆட்டுக்கும் தப்பிப் பூக்கும் செடிகள்தான் இங்கே உதவும். நித்தியகல்யாணி, ஆவாரை, எருக்கு, நொச்சி, ஆடாதொடை. எருக்கை வீட்டருகே வைக்க மாட்டேன் என்பவர்கள் உண்டு. வேலிக்கு வெளியே இருக்கட்டும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி எருக்கிலையில்தான் முட்டையிடும். ஆவாரையில் கொன்னை வெள்ளையன். கறிவேப்பிலையை மொட்டையடிக்கும் புழுவும் ஒரு பட்டாம்பூச்சிதான். கறிவேப்பிலை அழகி என்றே பெயர். குழம்புக்குப் போக மீதியைக் கொஞ்சம் கொடுக்கலாம்.

சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். நம் மாவட்டத்துக்கு அது செய்த கேட்டை நான் சொல்ல வேண்டியதில்லை. எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கோடையில் தேனீக்கு அது சோறு போடுகிறது, தவிட்டுக்குருவிக்கு அது வீடு. வேலி முழுவதையும் ஒரே நாளில் இயந்திரத்தை விட்டுப் பறித்துவிட்டு வெறும் மணலை வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பத்தடி எடுத்தால் அந்தப் பத்தடியில் கிளுவைப் போத்தும் பூவரசுப் போத்தும் ஊன்றி அவை துளிர்த்த பிறகு அடுத்த பத்தடி.

காற்று மறைவு இந்த வேலியிலேயே கிடைத்துவிடுகிறது. ஒன்று கவனியுங்கள். மதில் போல் அடைத்த வேலி காற்றை மேலே தூக்கி உள்ளே சுழற்றிப் போடும். இடுக்கு உள்ள உயிர்வேலியோ பனைமட்டை வேலியோ காற்றைச் சலித்து விடும். தென்மேற்கு மூலையில்தான் முதலில் போட வேண்டும், கச்சான் அடிப்பது அங்கிருந்து. உள்ளே பாத்திகளின் ஓரம் ஒரு வரிசை சோளமும் ஒரு வரிசை தட்டைப்பயறும் விதையுங்கள். தட்டைப்பயறில் அசுவினி வரும். வரட்டும். பயறு வகைகளைத் தேடும் கறுப்பு அசுவினி அது. கத்தரிக்கும் வெண்டைக்கும் அவ்வளவாகப் போகாது. பொறிவண்டுக்கு அது பண்ணைத் தீவனம் மாதிரி. அங்கே தின்று பெருகி, உங்கள் வெண்டையில் பச்சை அசுவினி வரும்போது ஆள் தயாராக இருக்கும். தோட்டத்தில் ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது என்று நினைப்பவருக்குப் பொறிவண்டும் கிடையாது.

தண்ணீர். குடத்துக்குக் காசு கொடுக்கும் ஊரில் குருவிக்கும் குளவிக்கும் தண்ணீர் வை என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவு மிகக் குறைவு. ஒரு அகல மண்தட்டில் கூழாங்கல்லும் மணலும் நிரப்பி, கல்லின் தலை நனையாத அளவுக்கு ஒரு சொம்பு நல்ல தண்ணீர். ஆழமாக இருந்தால் தேனீ விழுந்து சாகும், அதனால்தான் கல். உவர்க்கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்தால் வெயிலில் வற்ற வற்ற உப்பு ஏறிவிடும். யாரும் தொட மாட்டார்கள். தட்டை மூன்று நாளுக்கு ஒருமுறை கவிழ்த்து, தேங்காய் நாரால் உரசிக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையை ஓரச் சுவரில் ஒட்டி வைக்கும்; தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. சிமெண்ட் தொட்டி இருந்தால் முண்டக்கண்ணி மீன் நாலு விடுங்கள். நம் ஊர் மீன், கொசுப்புழு அதற்குப் பாயசம். தொட்டியோரம் ஒரு குச்சி நட்டு வைத்தால் தட்டான் வந்து உட்காரும். ஐப்பசியில் மழைக்கு முன்னும் பின்னும் தட்டான்கள் கூட்டம் கூட்டமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஓர் இனம் இந்தியப் பெருங்கடலையே தாண்டி ஆப்பிரிக்கா வரை போகிறது. போகிற வழியில் உங்கள் கொசுவையும் கொஞ்சம் தின்றுவிட்டுப் போகட்டும்.

சருகையும் கட்டையையும் குவித்து வையுங்கள், பூச்சியும் ஓணானும் தங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் பக்கத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மட்கும் தென்னங்கட்டையிலும் குப்பைக்குழியிலும் காண்டாமிருக வண்டு முட்டையிடும்; நாலு தென்னைக்கும் அதுதான் எமன். குப்பைக்குழியை மாதம் ஒருமுறை கிளறி, சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணப் பொடி வேளாண் அலுவலகங்களில் கிடைக்கும். குழியில் கலந்தால் புழு பச்சை பூத்துச் சாகும். அடுத்தது பாம்பு. சுருட்டை விரியனும் கட்டுவிரியனும் உள்ள மண் இது. விறகுக் குவியல் வீட்டுச் சுவரிலிருந்து இருபது அடியாவது தள்ளி இருக்கட்டும். இரவில் வெறும் தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள், கொசுவலை விளிம்பைப் பாய்க்கடியில் செருகுங்கள். இரவில் பின்பக்கம் போனால் டார்ச். கடித்தால் கட்டுப்போட்டு அறுத்துக்கொண்டு நிற்காமல் நேரே அரசு மருத்துவமனை.

சாரைப்பாம்பு வேறு. எலியைத் தின்னும், விஷம் கிடையாது. அதைப் பற்றி ஒரு வருத்தம் சொல்ல வேண்டும். மயிலுக்குப் பயந்து இந்தக் கரையில் எல்லாரும் பழைய மீன்வலையைத்தான் தோட்டத்தைச் சுற்றிக் கட்டுகிறோம். இலவசமாகக் கிடைக்கிறது, நானும் கட்டியிருந்தேன். ஒரு நாள் காலை மிளகாய்ப் பாத்தி ஓரம் ஆறடி சாரை ஒன்று கழுத்துக்குக் கீழே வலைக்கண்ணில் மாட்டி, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் கிடந்தது. நைலான் நூல் செதிலுக்குள் ஏறியிருந்தது. நீளக் கத்தரிக்கோலை வைத்துக் கண் கண்ணாக வெட்டினோம், பதினோரு கண். வெட்டும் நேரம் முழுக்க அது ஒருமுறைகூடச் சீறவில்லை. விட்டதும் உடனே போகாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, பிறகு தென்னையின் அடிமரத்தைச் சுற்றிப் போனது. இப்போது வலையைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி, தளர்வாகத் தொங்காமல் விறைப்பாக இழுத்துக் கட்டுகிறேன். மயில் ஒரு சாணில் நுழையாது. பாம்பும் உடும்பும் கீரியும் போய்வரும்.

தேரையைப் பற்றியும் ஒரு சொல். காய் வெறும் ஓடாக இருந்தால் 'தேரை மோந்தது' என்கிறோம். தேரை தென்னை ஏறி எந்தக் காயையும் மோந்ததில்லை. மகரந்தம் சரியாகச் சேராததும் சத்துக் குறைவுமே பெரும்பாலும் காரணம். காய்மேல் பழுப்புச் சொறி இருந்தால் அது ஈரியோபைட் என்னும் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலை. தேரை செய்வதெல்லாம் இரவு முழுக்க வண்டும் கரையானும் தின்பதுதான். உடைந்த பானை ஒன்றை ஈரமான மூலையில் கவிழ்த்து, ஒரு பக்கம் வாய் விட்டு வையுங்கள். கோடையைக் கடத்த அதற்கு அது போதும்.

பறவைக்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இரட்டைவால் குருவி உட்கார ஆறடிக் கம்பு இரண்டு மூன்று, குறுக்கே ஒரு குச்சியோடு, பாத்தி நடுவே நட்டால் போதும். அங்கிருந்து பாய்ந்து அந்துப்பூச்சியைப் பிடிக்கும். பனையில் காய்ந்த மட்டையை முழுக்கச் சிரைக்காமல் விட்டால் உழவாரன் குருவி தங்கும். எலிக்கு விஷம் மட்டும் வைக்காதீர்கள். மயங்கி நடக்கும் எலியைத்தான் கூகை முதலில் பிடிக்கும். எலியோடு கூகையும் போய்விடும்.

விளக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பின்பக்கம் இரவு முழுக்க எரியும் வெள்ளை எல்.ஈ.டி. கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் அந்துப்பூச்சியையும் இழுத்துப் பல்லிக்குக் கொடுத்துவிடும். உங்கள் வீடு கடலுக்கு அரைக் கிலோமீட்டர். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். குஞ்சு பொரித்ததும் வெளிச்சம் உள்ள பக்கம்தான் ஓடும். இயற்கையில் அந்த வெளிச்சம் கடல். கடலைப் பார்த்த மொட்டைமாடி விளக்கு இருந்தால் அந்த மாதங்களிலும், பிறகு குஞ்சுகள் வெளிவந்து முடியும் வரையிலும் அணைத்து வையுங்கள்.

தென்னையில் வெள்ளை ஈ வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓலையடியில் வெள்ளைச் சுருள் சுருளாகவும் கீழ் ஓலையில் கரி பூசினாற்போலவும் இருக்கும். 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் பார்த்து, பிறகு எல்லாப் பக்கமும் பரவியது. இதற்கு மருந்து அடிக்கவே அடிக்காதீர்கள். என்கார்சியா என்ற குட்டிக் குளவி அதன் கூடவே பரவிக்கொண்டிருக்கிறது, அடித்தால் அதுதான் முதலில் சாகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவலாம். கரிப்பூஞ்சாணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சித் தெளித்தால் காய்ந்து செதிலாக உரிந்து விழும். மஞ்சள் ஒட்டுப்பொறியை அளவோடு கட்டுங்கள். அதில் பொறிவண்டும் ஒட்டும்.

கத்தரித் தண்டுத்துளைப்பானுக்கு மட்டும் இந்தப் படையை நம்பி உட்கார வேண்டாம். புழு தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் இருக்கிறது, பொறிவண்டுக்கு எட்டாது. வாடித் தலைசாய்ந்த குருத்தை வாரம் இருமுறை ஓர் அங்குலம் சேர்த்துக் கிள்ளி எரித்துவிடுங்கள். வேப்பங்கொட்டைக் கரைசல், லிட்டருக்கு 50 கிராம் இடித்து ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டியது, சாயங்காலம் மட்டும், பூவில் படாமல். வேம்புதானே என்று வாராவாரம் தோட்டம் முழுக்க அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பொறிவண்டுப் புழுவுக்கு அதுவும் ஆகாது.

கடைசியாக உங்கள் டப்பா. மறுபடி வாங்குவதானால் மார்கழியில் வாங்குங்கள். விடுவதற்கு முன் எறும்பைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் எறும்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனால் உங்கள் செம்பருத்தியில் அது சாரை சாரையாக ஏறிக்கொண்டிருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும். அடித்தண்டில் நாலு அங்குலம் துணி சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். தண்டில் நேரடியாகத் தடவினால் பட்டை வெந்துபோகும். வேலியையோ சுவரையோ தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு அந்தப் பாலத்தில் வரும். இரண்டு நாள் கழித்து, வெயில் சாய்ந்தபின், செடியில் லேசாக நல்ல தண்ணீர் தெளித்து, மாவுப்பூச்சி அதிகம் உள்ள கிளையில் பத்துப் பன்னிரண்டு வண்டை மட்டும் விடுங்கள். மறுநாள் காலை எண்ணிப் பார்க்காதீர்கள். மூன்று வாரம் கழித்து ஒரு ஈர்க்குச்சியோடு போய், வெள்ளைக் கூட்டத்தில் எது ஓடுகிறது என்று தொட்டுப் பாருங்கள்.